ஏஐ படம் வரைய மறுக்கிறதா? எந்த இடத்தில் தடைபட்டது என்று அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

ப்ராம்ப்ட் (படம் கேட்டு ஏஐக்கு நாம் எழுதும் வாக்கியம்) பிளாக் ஆனதும் கை தானாகச் சொற்களை மாற்றப் போகும். "இரத்தம்" போய் "சிவப்புத் திரவம்" வரும். அதுவும் நுழையாவிட்டால் எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைக்கத் தோன்றும். இப்படி ஐந்தாறு முறை முட்டி மோதி, கடைசியில் கணக்கே முடங்கிப்போனவர்கள் இருக்கிறார்கள். முதலுதவிக் கையேடு, உடலியல் பாடம், வரலாற்றுப் பாடம் இவற்றுக்குப் படம் தயாரிப்பது என் வேலை. காயம், உடல், போர் என்று எல்லாமே ஃபில்டரோடு உரசும் பொருள்கள்தான். தினமும் மல்லுக்கட்டியதில் எனக்குப் பிடிபட்டது இது: முதலில் எங்கே நின்றது என்று பாருங்கள், சொல்லை அப்புறம் தொடலாம்.

தடுப்பது ஒரே ஒரு ஃபில்டர் இல்லை. நீங்கள் எழுதியதை முதலில் ஒரு சொற்பட்டியல் பார்க்கலாம். அதைத் தாண்டினால் முழு வாக்கியத்தின் பொருளையும் எடைபோடும் ஒரு ஏஐ மாடல் இருக்கும். சாட் வழியாகக் கேட்டால் நடுவில் ஒரு மொழி மாடல் உட்கார்ந்து உங்கள் ப்ராம்ப்ட்டைத் திருத்தி எழுதும், அல்லது முடியாது என்று சொல்லும். நீங்கள் ஏற்றும் போட்டோவுக்குத் தனிச் சோதனை. வரைந்து முடித்த படத்தை உங்கள் கண்ணில் காட்டும் முன் இன்னொரு சோதனை. எல்லா டூலிலும் இவை எல்லாமே இருக்கும் என்பதில்லை. ஆனால் ஒவ்வொன்றும் தடுக்கும்போது வேறு வேறு தடயத்தை விட்டுவைக்கிறது.

அறிகுறி: அனுப்பிய நொடியிலேயே மறுப்பு

படம் வரையவே தொடங்கவில்லை, ஓரிரு நொடியில் செய்தி வந்துவிட்டது என்றால் தடைபட்டது உங்கள் எழுத்து. ஏபிஐ (சொந்த நிரல் வழியாகச் சேவையை அழைக்கும் முறை) பயன்படுத்துகிறவர்கள் எரர் எண்ணையும் பாருங்கள். ஓப்பன்ஏஐயில் 400 என்ற எண்ணோடு "கன்டென்ட் பாலிசி வயலேஷன்" அல்லது "மாடரேஷன் பிளாக்டு" என்ற குறி வந்தால் அது ஃபில்டர். 429 வந்தால் அது பெரும்பாலும் வேகக் கட்டுப்பாடு, அவ்வளவுதான். 429ஐப் பார்த்துவிட்டு ஒழுங்காக இருந்த ப்ராம்ப்ட்டைக் குதறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சற்றுப் பொறுத்து அதையே திரும்ப அனுப்பினால் போதும்.

ஃபில்டர்தான் என்று உறுதியானால் ப்ராம்ப்ட்டை இரண்டாகப் பிளந்து பாருங்கள். சந்தேகம் குறைவான பாதியை முதலில் அனுப்புங்கள். அது போய்விட்டால் சிக்கல் மற்ற பாதியில்தான். அந்தப் பாதியைத் திரும்பப் பிளந்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டாம், உட்கார்ந்து படியுங்கள். மறுக்கப்படும் ஒவ்வொரு முயற்சியும் கணக்கின் பேரில் ஏறக்கூடும் என்பதால், எனக்கு நானே வைத்துக்கொண்ட வரம்பு மூன்று மறுப்பு.

என் மேஜையில் நடந்த ஒன்றைக் காட்டுகிறேன். முதலுதவிக் கையேட்டுக்காக நான் எழுதியது: "முன்கையில் ஆழமான வெட்டுக்காயம், இரத்தம் வழிகிறது, ஒரு பெண் துணியால் அழுத்திப் பிடித்திருக்கிறாள்." உடனே மறுப்பு வந்தது. முதலில் "இரத்தம் வழிகிறது" என்பதை எடுத்தேன். மறுபடியும் மறுப்பு. அப்போதுதான் வாக்கியத்தை அந்நியர் ஒருவரின் கண்ணால் படித்துப் பார்த்தேன். முன்கை, வெட்டு, தனியாக ஒரு பெண். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதைக் கவனிக்கும் மாடலுக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் எப்படித் தெரியும்? அதன் சந்தேகம் நியாயமானது. காயத்துக்கு உதவுகிற காட்சி என்பது என் மனத்தில்தான் இருந்தது, எழுத்தில் இல்லை.

மாற்றி எழுதியது: "முதலுதவிக் கையேட்டுக்கான எளிய கோட்டுச் சித்திரம். இருவர். ஒருவர் நாற்காலியில் அமர்ந்து கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தியிருக்கிறார். எதிரே நிற்கும் பயிற்றுநர், அந்த முன்கையில் சுற்றிய வெள்ளைத் துணிக்கட்டின் மேல் உள்ளங்கையால் அழுத்துகிறார். வெள்ளைப் பின்னணி." முதல் முயற்சியிலேயே வந்தது. அதைவிட முக்கியம், கையேட்டுக்கு வேண்டியிருந்த படமும் இதுதான். படிக்கிறவர் கற்க வேண்டியது எங்கே, எப்படி அழுத்துவது என்பதை. காயம் எவ்வளவு கோரமாக இருந்தது என்பதை அல்ல.

இதில் நடந்த மாற்றம் மூன்று: எதற்கான படம் என்று முதல் வரியிலேயே சொன்னேன், யார் யாருக்கு என்ன செய்கிறார் என்று தெளிவாக்கினேன், கண்ணுக்குத் தெரிய வேண்டியதை மட்டும் எழுதினேன். இந்த மூன்றையும் சரிசெய்தால் நேர்மையான ப்ராம்ப்ட்கள் பெரும்பாலும் போய்விடும் என்பது என் அனுபவம்.

எழுத்துக்கு நடுவே புள்ளி வைப்பது, வேண்டுமென்றே பிழையாக எழுதுவது, ஒரு சொல்லுக்குப் பதில் சங்கேதம் வைப்பது, இவற்றைச் செய்யாதீர்கள். பாதுகாப்பைச் சுற்றிக்கொண்டு போவதையே மீறல் என்று பல சேவைகளின் விதிமுறை சொல்கிறது. தவறாகத் தடைபட்டவர் என்ற நிலையிலிருந்து நீங்களே இறங்கி, ஏமாற்ற முயன்றவர் ஆகிவிடுகிறீர்கள். பிறகு முறையீடு செய்தாலும் அந்தப் பதிவு உங்களுக்கு எதிராக நிற்கும்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு, பலர் எதிர்பார்க்காதது: "வேண்டாம்" என்று எழுதுவது. "போர்க்களம், இரத்தம் வேண்டாம், பிணங்கள் வேண்டாம்" என்கிறீர்கள். சொற்பட்டியலுக்கு "வேண்டாம்" புரியாது, இரத்தமும் பிணமும் மட்டும்தான் கண்ணில் படும். ஃபில்டர் விட்டுவிட்டாலும் படம் வரையும் மாடல் பல நேரம் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு வரைந்துவைக்கும். வேண்டாததைக் குறிப்பிடாமல் வேண்டியதைச் சொல்லுங்கள்: "போர் முடிந்த மறுநாள் காலை, வெறிச்சோடிய களம், சாய்ந்து கிடக்கும் கொடிக்கம்பம், பனிமூட்டம்." டூலில் நெகட்டிவ் ப்ராம்ப்ட்டுக்குத் தனிக் கட்டம் இருந்தால் தவிர்க்க வேண்டியவற்றை அங்கே போடுங்கள்.

சில நேரம் தவறு முழுக்க ஃபில்டருடையதுதான். 1996இல் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரத்து மக்களால் கணக்கே தொடங்க முடியவில்லை. அந்த ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததே காரணம். கிட்டத்தட்ட 30 ஆண்டு கழித்தும் சொற்பட்டியல்களின் குணம் மாறவில்லை. படம் வரையும் ஏஐ சேவையான மிட்ஜர்னி "பிளசென்டா" (நச்சுக்கொடி) போன்ற இனப்பெருக்க உறுப்புச் சொற்களைத் தடுத்துவைத்திருந்ததை எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ 2023 பிப்ரவரியில் எழுதியது. நச்சுக்கொடி இல்லாமல் மகப்பேறு பற்றி என்ன பாடம் நடத்துவது? அதே ஆண்டில் மிட்ஜர்னி வெறும் சொல்லைப் பார்ப்பதோடு நிற்காமல் வாக்கியத்தின் பொருளையும் பார்க்கும் ஏஐ மாடரேட்டருக்கு மாறியது. இது நல்ல திசை. ஆனால் இப்படிப்பட்ட மாடரேட்டருக்குச் சூழல் சொன்னால்தான் புரியும். "மருத்துவப் பாடநூல் வரைபடம், குறுக்குவெட்டுத் தோற்றம்" என்பது அதற்கு உண்மையாகவே உதவும் தகவல்.

அறிகுறி: தமிழில் எழுதினால் தடை, ஆங்கிலத்தில் எழுதினால் வருகிறது

நம்மவர்களுக்கு அடிக்கடி நேரும் சிக்கல் இது, எங்கும் சரியாக விளக்கியும் நான் பார்த்ததில்லை. சில டூல்கள் தமிழை உள்ளுக்குள் ஆங்கிலமாக்கிவிட்டுத்தான் சோதிக்கின்றன, வரைகின்றன. அந்த மொழிபெயர்ப்பில் நம் பல்பொருள் சொற்கள் மாட்டிக்கொள்கின்றன. "குண்டுப் பூனை ஒன்று சன்னலோரம் தூங்குகிறது" என்று எழுதினேன், மறுப்பு வந்தது. "பருத்த பூனை" என்றதும் தூங்கும் பூனை வந்துவிட்டது. குண்டு என்பது வெடிப்பதும்தான், பருமனும்தான், குண்டு பல்பும்தான். "மார்பளவுச் சிலை" இதைவிட மோசம். உறுப்பின் பெயரும் அளவும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இயந்திரம் என்னதான் நினைக்கும்! "தலையும் தோளும் மட்டும் உள்ள கற்சிலை" என்று எழுதினால் குழப்பமே இல்லை. சுடுமண், சுட்ட செங்கல் போன்றவற்றில் "சுடு" இருப்பதையும் ஒரு முறை கவனியுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கும் இதே பொறி வேறு உருவில் இருக்கிறது. "ஹெட்ஷாட்", "ஷூட்" எல்லாம் கேமராக்காரர் வாயில் சாதாரணச் சொற்கள், துப்பாக்கிக்காரர் வாயில் அப்படி இல்லை. "முகம் மட்டும் தெரியும் உருவப்படம்", "மேலிருந்து பார்க்கும் கோணம்" என்று சொல்லிவிடுங்கள். மொழிபெயர்ப்பை டூலிடம் விடாமல், ஒரு வரி ஆங்கிலத்தை நீங்களே எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது.

அறிகுறி: பாதி வரை வரைந்தது, கடைசியில் படம் காணோம்

காத்திருப்புக் கோடு நகர்ந்தது, சில டூல்களில் மங்கலாகப் படம்கூடத் தெரிந்தது, பிறகு மறுப்பு. அப்படியென்றால் உங்கள் எழுத்து தேறிவிட்டது, வரைந்த படம்தான் தேறவில்லை. இங்கே பலரும் செய்யும் தவறு, ப்ராம்ப்ட்டில் கெட்ட சொல்லைத் தேடுவது. அங்கே அது இருக்காது.

உறுதிசெய்ய அதே ப்ராம்ப்ட்டை எழுத்து மாறாமல் இன்னொரு முறை அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் வேறு சீட் எண்ணில் (படம் எங்கிருந்து தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) வரைவதால் படம் மாறும். ஒருமுறை வந்து ஒருமுறை வராமல் போனால் ஐயமே வேண்டாம், வெளியே வரும் இடத்தில்தான் தடை.

நீங்கள் சொல்லாமல் விட்டதை மாடல் தன் இஷ்டத்துக்கு நிரப்பியிருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம். உடை என்னவென்று சொல்லவில்லை, அது குறைவாக உடுத்திவிட்டிருக்கும். "கடற்கரையில் ஓடும் பெண்" என்றால் எந்த உடையில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. "முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை கால்சட்டை, தொலைவிலிருந்து பார்க்கும் கோணம்" என்று நிரப்பிவிட்டால் மாடல் ஊகிக்க இடமில்லை. ஓவியப் பாணியையும் கவனியுங்கள். போட்டோ போன்ற படத்தில் தடைபடும் உடலியல் காட்சி, கோட்டுச் சித்திரமாகக் கேட்டால் வந்துவிடும். பாடத்துக்கும் அதுதான் பொருத்தம்.

வயதும் இங்கேதான் இடிக்கும். ஆங்கில ப்ராம்ப்ட்டில் வளர்ந்த பெண்ணையும் "கேர்ள்" என்று எழுதும் பழக்கம் பலருக்கு. ஃபில்டர் அதைச் சிறுமி என்று எடுத்துக்கொண்டு மிகக் கடுமையாகப் பார்க்கும். அப்படித்தான் பார்க்க வேண்டும். வயது வந்தவரைக் கேட்கிறீர்கள் என்றால் "40 வயதுப் பெண்" என்று நேராக எழுதுங்கள். படத்தில் உண்மையிலேயே குழந்தை இருக்கிறதென்றால், உதாரணமாகக் குழந்தையைக் குளிப்பாட்டும் முறையை விளக்க வேண்டுமென்றால், துணியில் சுற்றிய குழந்தையாகக் காட்சியை மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தைகள் விஷயத்தில் ஃபில்டரோடு பேரம் பேசவே வேண்டாம். உண்மையான ஒருவரை ஆடையின்றியோ இழிவாகவோ காட்டும் படமும் அப்படியே. அங்கே வருவது பிழைச் செய்தி இல்லை, சரியான பதில். அதற்கு இந்த வழிமுறையில் தீர்வும் இல்லை.

அறிகுறி: நான்கு படம் கேட்டேன், இரண்டுதான் வந்தது

மேலே சொன்னதன் தங்கைதான் இது. கூகுளின் பட மாடலான இமேஜென் ஏபிஐயில் தேறாத படங்களை மட்டும் எடுத்துவிட்டு மீதியைத் தரும். காரணத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லும் அமைப்பு அதில் இருக்கிறது, அதை இயக்கிவிட்டால் எந்த வகையில் தடைபட்டது என்ற குறி வரும். மனிதர்களே வராமல் போனால் "பெர்சன் ஜெனரேஷன்" அமைப்பைப் பாருங்கள். அதில் மனிதர்கள் வேண்டாம், பெரியவர்கள் மட்டும், எல்லோரும் என்று மூன்று நிலை உண்டு. குடும்பப் படம் கேட்டுப் பிள்ளைகள் வராமல் தவித்த ஒருவருக்கு, அது பெரியவர்கள் மட்டும் என்ற நிலையில் நின்றிருந்ததுதான் காரணம்.

அறிகுறி: படம் வந்தது, ஆனால் முழுக்கக் கறுப்பு

சொந்தக் கணினியில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற பட மாடலை ஓட்டுகிறவர்களுக்கானது. கறுப்புப் படம் என்றால் ஃபில்டர் என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். பல நேரம் அது கணினி எண்களைக் கணக்கிடும்போது நேரும் பிழை.

2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷனோடு ஒரு சேஃப்டி செக்கரும் வந்தது. அது உங்கள் ப்ராம்ப்ட்டைப் படிப்பதே இல்லை. வரைந்த படத்தைக் கிளிப் (படத்தையும் எழுத்தையும் எண்களாக்கும் மாடல்) மூலம் எண்களாக மாற்றி, முன்கூட்டியே வைத்திருக்கும் 17 கருத்துகளோடு ஒப்பிடும். ஏதாவது ஒன்றோடு அளவுக்கு மேல் நெருங்கினால் படத்தைக் கறுப்பாக்கிவிடும். இந்த மாடலை ஓட்ட உதவும் டிஃப்யூசர்ஸ் என்ற நிரல் லைப்ரரியில் அப்போது டெர்மினலில் எச்சரிக்கை வரும், "என்எஸ்எஃப்டபிள்யூ கன்டென்ட் டிடெக்டட்" (ஆபாசம் கண்டறியப்பட்டது) என்ற விடையில் ட்ரூ என்று இருக்கும். இவை இரண்டும் இருந்தால் ஃபில்டர். சீட் எண்ணை மாற்றுங்கள், காட்சியை மேலே சொன்னபடி தெளிவாக்குங்கள். செக்கரைக் கழற்றிவிடவும் முடியும். ஆனால் பொதுமக்கள் பயன்படுத்தும் எந்தச் சேவையிலும் அது இயங்கட்டும் என்பதே அந்த லைப்ரரியின் பரிந்துரை, என் கருத்தும் அதுதான்.

அந்த எச்சரிக்கை இல்லாமல் கறுப்பு வந்தால் துல்லியப் பிரச்சினையைப் பாருங்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் எஸ்டிஎக்ஸ்எல் பதிப்பில், எண்களைக் கடைசியில் படமாக மாற்றும் விஏஇ பகுதி 16 பிட்டில் ஓடும்போது எண்கள் எல்லை மீறி "NaN" (எண்ணே அல்ல) ஆகிவிடும், படம் கறுத்துவிடும். விஏஇயை மட்டும் 32 பிட்டில் ஓட்டுங்கள், அல்லது 16 பிட்டுக்கென்றே திருத்திய விஏஇயை மாட்டுங்கள். ஆட்டோமேட்டிக்1111 என்ற முகப்பு மென்பொருளைப் பயன்படுத்தினால் "நோ ஹாஃப் விஏஇ" என்ற தொடக்கக் கட்டளை இதைச் செய்யும். ஜிடிஎக்ஸ் 16 வரிசை கிராஃபிக்ஸ் கார்டுகளில் கறுப்போ பச்சையோ வந்தால் "நோ ஹாஃப்" தேவைப்படலாம். மெமரி அதிகம் எடுக்கும், வேறு வழியில்லை.

அறிகுறி: சாட் டூல் பணிவாக மறுக்கிறது

"இதில் என்னால் உதவ முடியாது" என்று வாக்கியமாகப் பதில் வந்தால் மறுத்தது நடுவில் இருக்கும் மொழி மாடல். இதனிடம் கேள்வி கேட்கலாம், மற்ற ஃபில்டர்களிடம் முடியாது. எந்தப் பகுதி சிக்கல் என்று கேளுங்கள், பல நேரம் பயனுள்ள பதிலே வரும். நோக்கத்தை உண்மையாகச் சொல்லுங்கள். ஆனால் அது சொல்லும் காரணம் சில நேரம் ஊகமாகவும் இருக்கலாம், ஏனென்றால் அதற்குப் பின்னால் இருக்கும் சோதனை ஏன் தடுத்தது என்பது அதற்கே முழுதாகத் தெரியாமல் இருக்கும்.

ஒரே உரையாடலில் இரண்டு மறுப்பு வந்துவிட்டால் புது சாட் திறந்துவிடுங்கள். முன்பு பேசியதெல்லாம் சேர்ந்து அதன் முடிவைப் பாதிக்கும். போர்க் காட்சி பற்றி நீண்ட வாதம் நடந்த சாட்டில் பூந்தோட்டம் கேட்டாலும் அது எச்சரிக்கையாகவே இருக்கும்.

ஓப்பன்ஏஐயின் பட மாடலான டால்-ஈ 3 2023இல் வந்தபோது ப்ராம்ப்ட்டை மொழி மாடல் திருத்தி எழுதும் முறையும் சேர்ந்தே வந்தது. அதன் ஏபிஐயில் "ரிவைஸ்டு ப்ராம்ப்ட்" என்று அந்தத் திருத்தம் திரும்பக் கிடைத்தது. உங்கள் டூலும் அதைக் காட்டினால், நீங்கள் எழுதாத சொல் ஏதாவது அதில் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: மறுப்பு இல்லை, கேட்டதும் வரவில்லை

பிரபலமானவரின் பெயர் சொன்னீர்கள், யாரோ ஒருவர் வந்தார். வாழும் ஓவியரின் பாணி கேட்டீர்கள், பொதுவான பாணி வந்தது. டால்-ஈ 3 இந்த இரண்டையும் தவிர்க்கும்படி வடிவமைக்கப்பட்டது. பெயருக்குப் பதில் பாணியைச் சொற்களால் விவரியுங்கள்: தடித்த கோடு, மங்கிய மண் நிறங்கள், தட்டையான ஒளி.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2.0இல் வேறு கதை. 2022 நவம்பரில் வந்த அந்தப் பதிப்பின் பயிற்சிப் படங்களிலேயே ஆபாசத்தை வடிகட்டிவிட்டார்கள். மாடல் பார்க்காததை நீங்கள் எப்படி எழுதினாலும் வரைய முடியாது. வேறு மாடலைத் தேடுவதே வழி.

இன்னொன்று, ப்ராம்ப்ட்டின் வால் அறுபடுவது. ஸ்டேபிள் டிஃப்யூஷனில் உங்கள் எழுத்தைப் படிக்கும் கிளிப் 77 டோக்கன் (சொல்துண்டு) வரைதான் வாங்கும், தொடக்கமும் முடிவும் போக 75. தமிழில் எழுதினால் சில சொற்களிலேயே அது தீர்ந்துவிடும். முக்கியமானதை முன்னால் வையுங்கள்.

அறிகுறி: போட்டோ திருத்தம் மட்டும் தடைபடுகிறது

எழுத்து சாதாரணம், ஏற்றிய படத்தில்தான் ஏதோ இருக்கிறது. வேறு படத்தோடு அதே எழுத்தை அனுப்பினால் தெரிந்துவிடும். குழந்தைகள், தெரிந்த முகங்கள், தோல் அதிகம் தெரியும் பகுதி, நிறுவன முத்திரை இவை வழக்கமான காரணங்கள். பின்னணியை நீட்டத்தான் வேண்டுமென்றால் ஆள் இல்லாத பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, ப்ராம்ப்ட் கட்டத்தைக் காலியாக விட்டு ஓட்டுங்கள்.

அறிகுறி: எதைக் கேட்டாலும் தடை

"ஒரு மரம்" என்று மட்டும் அனுப்புங்கள். அதுவும் மறுக்கப்பட்டால் பிரச்சினை ப்ராம்ப்ட்டில் இல்லை. கணக்கு தற்காலிகமாக முடங்கியிருக்கும், அல்லது சேவையே விழுந்திருக்கும். மின்னஞ்சலைப் பாருங்கள், சேவையின் நிலைப் பக்கத்தைப் பாருங்கள். புதுக் கணக்கு தொடங்கி உள்ளே போக வேண்டாம்.

எல்லாம் செய்தும் நியாயமான ப்ராம்ப்ட் நின்றால்

முறையிடுங்கள். மிட்ஜர்னியில் மறுப்போடு அப்பீல் பொத்தானும் வரலாம், மற்றவற்றில் கருத்துப் பொத்தான் இருக்கலாம். எரர் செய்தியில் ரிக்வெஸ்ட் ஐடி இருந்தால் அதை முதலில் பிடித்துவையுங்கள். முழு ப்ராம்ப்ட், நேரம், எதற்கான படம், எதைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், இவ்வளவும் நான்கு வரியில் போதும். ஏபிஐக்காரர்களுக்கு ஓப்பன்ஏஐயின் ஜிபிடி இமேஜ் மாடல்களில் "மாடரேஷன்" என்ற அமைப்பை "ஆட்டோ"விலிருந்து "லோ"வுக்கு மாற்றும் வழி உண்டு. நிறுவனமே திறந்துவைத்த கதவு அது, தயங்காமல் பயன்படுத்தலாம்.

பதில் வரும் வரை வேலை நிற்க வேண்டியதில்லை. நச்சுக்கொடிப் பாடத்துக்கு நான் கடைசியில் செய்தது இதுதான். உடலின் வெளிக்கோட்டையும் பின்னணி நிறத்தையும் ஏஐயிடம் வாங்கினேன். கருப்பையையும் நச்சுக்கொடியையும் பாடநூலைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு, தனி லேயரில் கையால் வரைந்து மேலே பொருத்தினேன். ஒரு மணி நேரம் ஆனது. தொப்புள்கொடி சரியான இடத்தில் இணைந்திருந்தது, அதற்கு முன் ஏஐ வரைந்து தந்த எதிலும் அது அப்படி இருந்ததில்லை.